மலைவழிக்கு டயர் தெரிதல்

மோட்டார் வண்டியின் பெருமையைப் பேசப் புகுவோர் அதன் எஞ்சினையும் வேகத்தையும் வண்ணத்தையும் பேசி அமைவரேயன்றி, டயரைப் பேசுவார் அரியர். எஞ்சினிற் பிறக்கும் ஆற்றல் எத்துணையதாயினும், அது நிலத்தைச் சேர்வது உள்ளங்கை அகலத்தினவாகிய நான்கு ரப்பர்ப் பரப்புகளின் வாயிலாகவே. பிரேக்குப் பிடிப்பதும், வளைவில் வண்டி வழுவாது திரும்புவதும் அந்நான்கு இடங்களையே பற்றி நிற்கின்றன. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பு முதலியவற்றிற்கு இஃது இன்னும் பொருந்தும். தரையைப் பற்றாத டயர் பூட்டிய ஜீப்பு நான்கு சக்கரங்களையும் ஒருங்கே சுழற்றி நான்கு குழி தோண்டுமேயன்றி ஓரடியும் பெயராது.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. வருகிற கோடை விடுமுறையில் தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஐவர் கீழ்பென்னாத்தூரினின்று புறப்பட்டுச் சவ்வாது மலைமேல் ஒரு வாரம் தங்கி, அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் வழங்கும் சொற்களைத் தொகுத்து வரக் கருதியுள்ளோம். மலையாளி என்ற பெயர் கேட்டு மலையாள நாட்டினரோ என ஐயுற வேண்டா. மலைவாழ்நர் என்பதே பொருள். அவர் பேசுவதும் தமிழே. எம்முள் ஒருவருடைய தாய்மாமன் தம் பழைய ஜீப்பை ஓட்டுநரோடு உதவ இசைந்தார். அதன் டயர்களோ தேய்ந்து வழுக்கைத் தலையாகிவிட்டன. அவர் நிலக்கடலை விற்ற பணத்தில் ஒரு பகுதியை எம் கையில் எண்ணிக் கொடுத்து, “டயரை நீங்களே பார்த்து வாங்கிக்கிங்க தம்பிங்களா, ஆனா மலைமேல நின்னுட்டா எனக்குப் போன் பண்ணாதீங்க” என்றார். ஓராண்டு உழைப்பின் பணம் அது. ஆறு உயிர்கள் அவ்வண்டியில் ஏறப் போகின்றன. ஆதலின் இலக்கணம் பயில்வார்க்கு ரப்பரின் இலக்கணம் எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்ததைப் பொருட்படுத்தாது, கடைதோறும் வினவியும் கணக்கிட்டும் தெளிந்தவற்றை ஈண்டுத் தருகின்றோம்.

டயரை எண்ணுமுன் வழியை எண்ணல் வேண்டும். கீழ்பென்னாத்தூர், புதுச்சேரியினின்று கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே உள்ளது. அங்கிருந்து திருவண்ணாமலை வழியாகப் போளூர் வரை சமநிலத்துத் தார்ச்சாலை. போளூரினின்று ஜமுனாமரத்தூர்க்கு ஏறும் வழியும் தார்ச்சாலையே. ஆயின் வளைவு மிக்கது. ஜமுனாமரத்தூரினின்று, 2.34 மீட்டர் குறுக்களவுடைய வானோக்கி 1986 முதல் நிற்கும் காவலூரைக் கடந்து, ஆலங்காயத்திற்கு இறங்கும் பாதையும் தாரிட்டதே. சொல் தொகுக்கப் போவோர் தாரிட்ட வழியோடு நின்றுவிடல் ஆகாது. கிளை பிரிந்து சிற்றூர்களுக்குச் செல்லும் மண்வழிகளிற் புகவேண்டும். அங்கே செம்மண்ணும், மண்ணரித்த இடங்களில் முனை நீட்டி நிற்கும் கருங்கல்லும், குறுக்கே பாயும் ஓடைகளின் மணலும் எதிர்ப்படும். இவ்வழி முழுவதையும் பத்துக் கூறாக்கினால் எட்டுக் கூறு தார், ஒன்றரைக் கூறு கல்லும் மண்ணும், எஞ்சிய அரைக் கூறே மணலும் சேறும் என மதிக்கலாம். இவ்வொரு கணக்கை எழுதி முடித்தபொழுதே எம் தெரிவு பாதி முடிந்துவிட்டது.

கடையிற் கிடைக்கும் டயர்கள் மூவகைப்படும். தார்ச்சாலைக்கென்றே அமைந்தவை எச்.டி.; சேற்றுக்கென்று அமைந்தவை எம்.டி.; இரண்டிற்கும் இடையே நின்று எல்லா நிலத்திற்கும் ஓரளவு உதவுபவை ஏ.டி. என்பன. வேற்றுமை பெரிதும் மேற்புறத்து ரப்பர்க் கட்டைகளில் உளது. இவற்றை நம் கடைக்காரர் ‘பட்டன்’ என்பர். எச்.டி. டயரின் பட்டன்கள் நெருங்கி ஆழங்குறைந்து நிற்கும், எம்.டி. டயரிலோ அவை பெரியனவாய், இடையே விரல் புகும் அகலம் விட்டு நிற்கும், ஏ.டி. டயர் இவற்றின் நடுவணது.

சேற்று டயர் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியக் கீழ்பென்னாத்தூர் வயல்வெளியைக் காட்டிலும் நல்ல பள்ளி இல்லை. உழவுக்குச் செல்லும் டிராக்டரின் பின் சக்கரத்தை நோக்குக. ரப்பர் வரம்புகள் அம்பு முனைபோற் சாய்ந்து, உயர்ந்து, ஒன்றற்கொன்று எட்டி நிற்கின்றன. அவை சேற்றில் ஆழப் புதைந்து கீழுள்ள கெட்டி மண்ணைப் பற்றுகின்றன. சக்கரம் சுழலும்போது இடைவெளியில் அடைந்த சேறு பின்னோக்கி வீசப்படுகின்றது. அவ்விடைவெளி இல்லையேல் சேறு அப்பி, டயர் வழவழப்பான உருளையாகிவிடும். அதே டிராக்டர் கரும்பேற்றிக்கொண்டு தார்ச்சாலையில் ஓடுகையில் உறுமுவதையும், நாளடைவில் அவ்வரம்புகள் நடுவில் தேய்ந்து மழுங்குவதையும் காண்க. சேடையடிக்கப் பூட்டும் இரும்புக் கேஜ் வீலோ சேற்றில் இன்னும் சிறந்தது. ஆயின் அதனோடு சாலையேறினால் சாலையே சிதையும். சேற்றில் எது சிறந்ததோ அது தாரில் இழிந்தது என்பதை உழவர் நெடுநாளாக அறிவர். நகரத்து இளைஞர் சிலர் மட்டும், சேற்றைக் கண்ணாற் காணாத வண்டிக்கு முதலைப் பல் போன்ற டயரைப் பூட்டிக் கடைத்தெருவை வலம் வருகின்றனர். அஃது அணிகலன் எனின் யாம் மறுப்பதற்கில்லை.

எம்.டி. டயரை யாம் விலக்கியதற்கு ஓசையும் தேய்மானமும் மட்டும் காரணமல்ல. மழை நனைத்த தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் மிகுதியாக இருத்தல் வேண்டும். அதில் மெல்லிய கீறல்கள் பல ஓடி நீர்ப்படலத்தை அறுத்தல் வேண்டும். பெரிய பட்டன்களில் இவை குறைவு. போளூர்ப் பக்கத்து மலைவளைவில் கோடைமழை பெய்த மாலையில் இறங்கும்போது இக்குறை எத்தகையது என்பதை விளக்க வேண்டா.

இனி, பலரும் எண்ணாத பொருளொன்றைச் சற்று விரித்துரைப்போம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பரன்று, உள்ளடைத்த காற்றே. ஆட்களும் அரிசியும் நீரும் ஏறிய எமது ஜீப்பு 2,000 கிலோ நிறையுடையது எனக் கொள்வோம். அஃது ஏறக்குறைய 4,400 பவுண்டு. நான்காற் பகுத்தால் சக்கரம் ஒன்றிற்கு 1,100 பவுண்டு. டயரில் சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு அழுத்தத்தில் காற்று இருப்பின், அப்பாரத்தைத் தாங்க 1,100ஐ 30ஆல் வகுத்து வரும் 37 சதுர அங்குலம் தரையைத் தொடவேண்டும். காற்றை 18 பவுண்டாகக் குறைத்தாலோ 61 சதுர அங்குலம் தொடவேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் ஒரு சிறு பங்கு தாங்குமாதலின் இக்கணக்கு அணுவளவும் பிசகாததன்று. ஆயினும் உண்மை இதுவே. டயர் அகலத்திற் சிறிதும் நீளத்தில் மிகுதியும் படிந்து, ஒட்டகத்தின் அடிபோல மணல்மேல் மிதக்கின்றது. விலையுயர்ந்த டயர் வாங்கியும் மணலிற் புதைந்து நிற்போர் பலர், காற்றைக் குறைக்கும் இவ்வெளிய உபாயத்தைச் செய்யாதவரே.

மாட்டு வண்டியிலும் இதனைக் காணலாம். இரும்புப் பட்டை கட்டிய பழஞ்சக்கரம் ஏரி வண்டலில் கத்திபோல் இறங்கும். காற்றடைத்த டயர் வண்டியோ அதே மாடுகளோடு மிகுந்த பாரத்தை இழுத்துச் செல்லும். குறடு, ஆர், சூட்டு, கடையாணி எனச் சக்கரத்தின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிட்ட நம் முன்னோர் காற்றை மட்டும் அதற்குள் அடைக்கவில்லை. அதனை 1845இல் ஸ்காட்லாந்துக்காரராகிய தாம்சன் என்பார் எண்ணினார். 1888இல் பெல்பாஸ்டு நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப் தம் மகனுடைய மூன்றுசக்கர வண்டிக்குச் செய்து நடைமுறைக்குக் கொணர்ந்தார்.

காற்றைக் குறைத்தல் நன்றாயின் எப்பொழுதும் குறைத்தே ஓட்டலாமே எனச் சிலர் வினவுவர். அங்கேதான் நம் நாட்டு வெயில் குறுக்கிடுகின்றது. சக்கரம் ஒருமுறை சுழலுந்தோறும் டயரின் பக்கச்சுவர் ஒருமுறை மடங்கி நிமிர்கின்றது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடேறுவதுபோல ரப்பரும் சூடேறும். காற்றுக் குறைந்தால் மடிப்பு மிகும். பாரம் ஏறினால் இன்னும் மிகும். வேகம் கூடினால் அம்மடிப்பு நொடிக்குப் பன்முறை நிகழும். கத்திரி வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை கீழிருந்தும் சுடும். இந்நான்கும் கூடிய இடத்தில் டயரின் அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து வெடிக்கின்றன. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறையைக் கண்டமையால் அது வெயிலில் உருகுவது நின்றது. வெப்பத்தின் பகை முற்றும் தீர்ந்ததன்று. ஆதலின் குறைத்த காற்றோடு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேற் செல்லுதல் ஆகாது. தாரை அடைந்தவுடன் மீண்டும் நிரப்புதல் இன்றியமையாதது. மேலைநாட்டுப் பனியும் சேறும் நோக்கி எழுதிய அறிவுரைகளைப் படித்துவிட்டுக் கனத்த சேற்று டயரைத் தேடுவோர், கீழ்பென்னாத்தூரின் பகை பனியன்று, வெப்பம் என்பதை மறக்கின்றனர். கனத்த பட்டன்களும் ஓட்டத்தில் நெளிந்து சூட்டை மிகுப்பனவே.

காற்றின் அளவைக் காலையில், வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்தல் வேண்டும். 10 பாகை வெப்பம் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரைப் பவுண்டு அழுத்தம் தானே ஏறும். நண்பகலில் அளந்து, மிகுந்ததென்று அஞ்சிக் காற்றை இறக்கி விடுவோர் டயருக்குத் தீங்கே செய்கின்றனர்.

வெப்பத்திற்கு அடுத்த பகை கூரிய கல். மேற்புறத்தில் ஆணியோ முள்ளோ தைத்தால் பஞ்சர் கடைக்காரர் அரைமணியில் ஒட்டிவிடுவார். நம் ஏரிக்கரைகளில் சீமைக்கருவேல முள்ளுக்குப் பஞ்சமில்லையாதலின் அத்தொழிலுக்கும் பஞ்சமில்லை. ஆயின் பக்கச்சுவரைக் கல் கிழித்தால் அதனை நம்பத்தக்கபடி ஒட்டும் வழியில்லை. நூலிழைகள் அறுந்த இடம் பாரம் தாங்காது பிதுங்கும். ஆரவாக்கில், விளிம்பினின்று விளிம்பிற்கு நூல் ஓடும் ரேடியல் டயர் தாரில் குளிர்ந்தோடி நெடுநாள் உழைக்கும். அதன் பக்கச்சுவரோ மெல்லிது. பழைய முறைப்படி குறுக்கும் நெடுக்குமாக நூல் ஓடும் டயர் கல்லைப் பொறுக்கும், சூட்டைப் பொறாது. ஆகவே ரேடியலே கொண்டு, பக்கச்சுவரில் நூலடுக்குகள் எத்தனை என்று டயர்மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்து, மிகுந்ததைத் தேர்தல் தகும். ஏ.டி. டயர் பலவற்றில் பட்டன்கள் தோள்வரை வழிந்து பக்கச்சுவரையும் ஓரளவு காக்கின்றன. எம் நோக்கில் அவ்வகை டயரின் உண்மையான சிறப்பு இதுவே. கல்வழியில் காற்றை மிகக் குறைத்தலும் தவறு. குறைந்தால் பக்கச்சுவர் பிதுங்கிக் கல்லுக்கு இரையாகும். 24 பவுண்டளவில் நிறுத்துதல் நன்று. 18 பவுண்டு மணலுக்கு மட்டுமே.

டயரின் பக்கத்தில் எழுதிய எழுத்துகளைப் படித்தல் கல்வெட்டுப் படிப்பது போன்றதே. முறை தெரிந்தால் எளிது. எமது ஜீப்பின் டயரில் 215/75 ஆர் 15, 100 எஸ் என்றிருந்தது. 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆர் என்பது ரேடியல். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 100 என்பது பாரக் குறி. அஃது 800 கிலோவைக் குறிக்கும். எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீட்டர் வேக எல்லை. இது பழைய ஜீப்பிற்கு என்றும் வேண்டாத பெருமை. பாரக் குறியைப் பழையதினும் தாழ்த்தி வாங்குதல் கூடாது. இவற்றோடு நான்கு இலக்கங்கள் ஒரு நீள்வட்டத்துள் இருக்கும்; 2324 என்றிருப்பின் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது என்க. ரப்பர் வைத்திருந்தாலும் முதிரும். பட்டன் புதிதாயிருப்பினும் நெடுநாள் கிடங்கிற் கிடந்த டயரைக் குறைந்த விலைக்குத் தருவோரிடம் இவ்விலக்கங்களைப் படித்துக் காட்டினால் பேரம் விரைவில் முடியும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் காண்க.

கடையொன்றில் எமக்கு 235/75 ஆர் 15 என்னும் பெரிய டயரைப் பரிந்துரைத்தனர். தோற்றத்திற்கு அதுவே கம்பீரம். கணக்கிட்டுப் பார்த்தோம். பழைய டயரின் குறுக்களவு 703.5 மில்லிமீட்டர், இதன் குறுக்களவு 733.5. வண்டியின் வயிறு தரையினின்று உயர்வது இவ்வேற்றுமையிற் பாதி, அஃதாவது 15 மில்லிமீட்டரே. இவ்விரல் அகலத்திற்காக, வேகங்காட்டி 60 என்னும்போது வண்டி உண்மையில் 62.6இல் ஓடும், ஏற்றத்தில் எஞ்சின் திணறும், சக்கரம் முழுதும் திரும்புகையில் மட்கார்டில் உரசவும் கூடும். வேண்டா என்றோம்.

மற்றொன்று, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிக்கே உரியது. இத்தகைய பழைய ஜீப்புகளில் நான்கு சக்கர விசையைப் பூட்டினால் முன்னச்சும் பின்னச்சும் ஒரே அளவாகச் சுழலும். முன்னே தேய்ந்த டயரும் பின்னே புதிய டயரும் இருந்தால் சுற்றளவு வேறாதலின் ஒன்று மற்றொன்றை இழுத்து, டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பற்சக்கரப் பெட்டியை முறுக்கும். மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி அம்முறுக்கைத் தீர்த்துக்கொள்ளும். உலர்ந்த தாரில் தீராது. ஆகையால் இவ்வண்டிகளை உலர்ந்த தாரில் நான்கு சக்கர விசையில் ஓட்டுதல் கூடாது. டயர்களும் ஒரே அளவு, ஒரே வகை, ஒத்த தேய்மானம் உடையனவாதல் வேண்டும். இரண்டு மட்டும் இப்போது, இரண்டு மறுவிளைச்சலுக்கு என்ற மாமாவின் முதற் கருத்தை யாம் பணிவோடு மறுத்தது இதனாற்றான். ஸ்டெப்னியும் அவ்வாறே. பழைய வழுக்கை டயரை ஸ்டெப்னியாகச் சுமந்து செல்லுதல் மலைமேல் கைவிடப்படுவதற்கு ஆயத்தம் செய்வதாகும்.

ரீட்ரெடிங் செய்த டயர் மலிவாயிற்றே என்பார்க்கு ஒரு வார்த்தை. அத்தொழில் இழிந்ததன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்ற கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கி, 1952இல் தேய்ந்த டயர்மேல் ஒட்டும் ரப்பருக்கு மாறி, அதன் பின்னரே 1961இல் அமெரிக்க மான்ஸ்பீல்டு நிறுவனத்தின் துணையோடு டயர் செய்யலானார்; எம்.ஆர்.எப். என்பது அதுவே. சமநிலத்தில் நெல் மூட்டை ஏற்றும் லாரியின் பின் சக்கரங்களுக்கு அம்முறை பெரிதும் பயன்படுகின்றது. ஆயின் பழைய உடலின் வயதை மேலொட்டிய ரப்பர் மறைத்துவிடுகின்றது. கல்வழியில் அடிபட்டு, மலையிறக்கத்தில் பிரேக்கின் சூட்டையும் தாங்கவேண்டிய டயருக்கு அதனை யாம் விரும்பவில்லை.

முடிவில் யாம் வாங்கியது பழைய அளவாகிய 215/75 ஆர் 15இலேயே ஏ.டி. டயர் ஐந்து. எச்.டி. டயர் வாங்கியிருப்பின் விலை குறைந்திருக்கும். டீசலும் சிறிது மிஞ்சியிருக்கும். தாரை விட்டு இறங்காதவர்க்கு அதுவே போதும். மாமா கொடுத்த பணத்தில் எஞ்சியதற்கு, பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு, காற்றளவுகோல், பஞ்சர் ஒட்டும் கருவிகள் ஆகியவற்றை வாங்கினோம். மேற்கூரையில் ஏற்றுவதாயிருந்த இரண்டு இரும்புப் பெட்டிகளை நீக்கினோம். ஏடுகளையும் ஒலிப்பதிவுக் கருவியையும் துணிப்பையில் இட்டால் போதும். மலைக்குப் புறப்படுமுன் சமநிலத்தில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, புதிய டயரின் மேற்பளபளப்புத் தேய்ந்தபின், சக்கரத் திருகுகளை ஒருமுறை இறுக்கிக்கொள்ளல் வேண்டும். அப்பணி இப்பொழுது செஞ்சிச் சாலையில் நடைபெறுகின்றது. ஜமுனாமரத்தூரைக் கடந்து முதல் மண்வழி பிரியும் இடத்தில் நிறுத்தி 24 பவுண்டிற்குக் காற்றை இறக்குவது ஒருவர் கடமை. தாருக்கு மீளும்போது பம்பு வைத்து 30க்கு ஏற்றும்வரை ஓட்டுநரைப் புறப்பட விடாதிருப்பது மற்றொருவர் கடமை எனப் பகுத்துக்கொண்டுள்ளோம்.